மக்கராவின் கழுத்துப் பட்டை

3 நவம்பர் 1998
கப்பலிலிருந்து, ஹ்யூரான் ஏரி

மார்லிஸ்,

எத்தனை முறை போன் அடித்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். "எழுது ரேய்னோ. எழுத்துல கத்த முடியாது" என்று ஆகஸ்டில் சொன்னதிலேயே நிற்கிறாய். சரி, எழுதுகிறேன். இருபது பேருக்கு ரொட்டி பிசைந்த கை. எழுத்து கோணலாக இருந்தால் என்னைத் திட்டாதே, ஏரியைத் திட்டு.

விஷயம் மக்கரா. விவாகரத்தில் நீதிபதி வீட்டை உனக்கும் நாயை எனக்கும் கொடுத்தார். கப்பலில் நாய் கூடாது என்பதால்தான் அவள் உன்னிடம் இருக்கிறாள், அதுவும் ஜனவரியில் கப்பல் குளிர்கால ஓய்வுக்குக் கரை ஒதுங்கும்வரை. ஒதுங்கிய மறுநாளே வந்து கூட்டிக்கொண்டு டுலூத்துக்குப் போய்விடுவேன். அங்கே நான் எடுக்கப்போகும் வாடகை அறையின் சொந்தக்காரரிடம் பேசிவிட்டேன். கிழவர் முதலில் முறைத்தார், லாப்ரடார் என்றதும் இளகிவிட்டார்.

மான் சீசன் 21ஆம் தேதி தொடங்குகிறது. இந்த வருடம் எனக்கு லீவு இல்லை, என் வேட்டைப் பரணில் டென்னி உட்காரட்டும், சித்தப்பா மகன்தானே. என் ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு இருக்கிறதே, அதை இப்போதே கொட்டகையில் தொங்கவிடு. சோப்பு போட்டுத் துவைத்துத் தொலைக்காதே. முக்கியமாக, சீசனுக்கு ஒரு வாரம் முன்பே மக்கராவின் உண்ணிப் பட்டையைக் கழற்றிவிடு. அந்த மருந்து நெடி காட்டுக்குள் அரை மைல் போகும், ஒரு மான் வராது. உறைபனி விழுந்துவிட்டது, உண்ணியெல்லாம் செத்திருக்கும். அப்பா காலத்திலிருந்து நாங்கள் இப்படித்தான்.

பதில் எழுது. டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு வரும்போது வாளியை இறக்கிக் காத்திருப்பேன்.

ரேய்னோ

10 நவம்பர்
வீட்டிலிருந்து

ரேய்னோ,

நாய் உன்னுடையதுதான், யார் இல்லை என்றது? அதன் காதுக்குள் முள்வாங்கியை விடுவது மட்டும் நான்.

உறைபனி மூன்று முறை விழுந்துவிட்டது. வாளித் தண்ணீர் கட்டியாகிக் கிடந்தது. நேற்று வெயில் அடித்ததும் மக்கராவைச் சீவிவிட்டேன். இடது காதுக்குப் பின்னால் இரண்டு. எள்ளளவுதான், மான் உண்ணி. பட்டை இருந்ததால் இரண்டும் சுருண்டு கிடந்தன. செத்த உண்ணி காட்டிலிருந்து நடந்து வந்து நாய் மேல் ஏறியது என்கிறாயா? உன் அப்பாவிடம் யாராவது கேட்டிருக்கலாம், அவரிடம் எதைத்தான் யார் கேட்டார்கள்?

சனிக்கிழமை தவறாமல் சவுனாவை மூட்டி நீராவிக் குளியல் போடுகிறேன், தனியாக. உண்ணி பார்க்க ஒரு கண்ணாடியைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். நீராவியில் மங்கிவிடுகிறது. கழுத்தைத் திருப்பித் திருப்பி வலிதான் மிச்சம். தன் முதுகைத் தானே பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று. டென்னி கூரையிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். பரணில் அவன் உட்காரமாட்டான், நான் உட்காருகிறேன். லைசென்ஸ் வாங்கியாயிற்று. முப்பது வருடம் நீ சுட்டதை வெட்டிக் காகிதத்தில் சுற்றியது போதும்.

மார்லிஸ்

15 நவம்பர்
சூ கால்வாய்

மார்லிஸ்,

நீயா? கடிதத்தை உணவு மேஜையில் வாசித்தேன். மொத்தக் கப்பலும் சிரித்தது. தலைமை எஞ்சினியர், "மானுக்குத்தான் பாவம், திட்டியே கொன்னுடுவாங்க" என்றார். நான் சிரிக்கவில்லை, நம்பினால் நம்பு.

உட்காருவதென்றால் ஒழுங்காக உட்கார். வடக்குக் காற்றென்றால் பரணின் ஏணிப் பக்கம் முகம் வை. இருமாதே. காபி ஃபிளாஸ்கைத் திறக்காதே. பட்டையைக் கழற்று, மார்லிஸ். எல்லாவற்றிலும் என் பேச்சைத் தட்டு, இதில் தட்டாதே. வீட்டுக்கும் பரணுக்கும் நடுவே அவள் சுற்றிக்கொண்டே இருப்பாள். அந்த நெடியில் நீ சீசனின் ஒன்பது நாளும் அணில்தான் பார்ப்பாய். காதில் கிடந்த இரண்டும் பழையதாக இருக்கும். பனிக்குப் பிறகு உண்ணி என்பதெல்லாம் நகரத்திலிருந்து வந்தவர்கள் கிளப்பிவிட்ட பயம்.

கிடைத்தால் (கிடைத்தால்!) தோலோடு ஒரு வாரம் கொட்டகை விட்டத்தில் தொங்கவிடு, அப்போதுதான் கறி பதமாகும். மக்கராவுக்கு அடியில் வைக்கோல் போடு. வருடா வருடம் மானுக்குக் கீழே காவல் படுப்பது அவள் உரிமை. குட்டியாக இருந்தபோது சவுனா அடுப்பிலிருந்து மொத்த மக்கரா சாசேஜையும் தூக்கிக்கொண்டு ஓடி, அந்தச் சாசேஜின் பெயரையே தன் பெயராக வாங்கியவள். ஒரு நரியை நெருங்கவிடமாட்டாள்.

வலது முட்டி மறுபடி தேங்காயாக வீங்கியிருக்கிறது. இந்தக் கப்பலின் ஏணிகள் என்னைக் கொல்லும்.

ரேய்னோ

22 நவம்பர்
வீட்டிலிருந்து

ரேய்னோ,

எட்டுக் கிளைக் கொம்பு.

இதை மட்டும் எழுதிக் கடிதத்தை முடித்துவிடலாம் என்றிருந்தேன். நீ துடிதுடிப்பாய் என்று நினைத்ததும் சந்தோஷமாக இருந்தது. மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நேற்று, முதல் நாளே. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஓடையைத் தாண்டி வந்தது. இருமல் வந்ததை விழுங்கினேன். ஒரே குண்டு. கீழே இறங்கிப் பக்கத்தில் போய் நின்று அழுதேன். ஏன் என்று கேட்காதே. டென்னி கட்டுப் போட்ட கையோடு டிராக்டர் கொண்டுவந்து, "அண்ணி, ரேய்னோ கிட்ட நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்க, எனக்கு உயிர் மேல ஆசை" என்றான்.

பட்டையைக் கழற்றினேன். உன் பேச்சைக் கேட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே. அந்த மான் எனக்கு வேண்டியிருந்தது. உன் கப்பல் சிரித்தது என்று படித்தபின் இன்னும் அதிகமாக வேண்டியிருந்தது. அதற்காக எதையும் கழற்றியிருப்பேன்.

மான் விட்டத்தில் தொங்குகிறது, மக்கரா அடியில். சாப்பிடக்கூட வர மறுக்கிறாள், தட்டைக் கொட்டகைக்கே கொண்டுபோகிறேன். வானிலை திடீரென்று இளகிவிட்டது. கூரையிலிருந்து சொட்டுகிறது, ஈகூட வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மார்லிஸ்

28 நவம்பர்
ஈரி ஏரி

மார்லிஸ்,

காற்று வடக்கா மேற்கா? எத்தனை அடி தூரம்? தோள் எலும்பிலா, பின்னாலா? எட்டுக் கிளை என்று எழுதினால் ஆயிற்றா? புகைப்படம் எடுத்தாயா? கொம்பை டென்னியிடம் கொடுத்துவிடாதே, பீர் கடையில் மாட்டித் தான் சுட்டதாகச் சொல்லுவான்.

நான்கு வருடமாக நான் அந்தப் பரணில் உட்கார்ந்து குளிரைத்தான் சுட்டேன், கொட்டகையில் தொங்கியதெல்லாம் டென்னி சுட்டது. முட்டியை மடக்கி உட்காரமுடியாமல் அசைந்துகொண்டே இருப்பேன், மான் வருமா? சொல்லிக்கொள்ளவில்லை. உனக்கு முதல் நாளே. பொறாமையாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

வெயில் ஏறினால் ஒரு வாரம் வைக்காதே, சீக்கிரம் உரித்துவிடு. உரித்ததும் பட்டையை மாட்டு. எதற்கும் மாட்டிவிடு.

நல்ல குறி, மார்லிஸ்.

ரேய்னோ

6 டிசம்பர்
வீட்டிலிருந்து

ரேய்னோ,

மக்கராவுக்கு உடம்பு சரியில்லை.

வியாழன் அன்று இடது முன்காலை நொண்டினாள். முள் என்று நினைத்தேன். வெள்ளியன்று முன்கால் சரியாகி, வலது பின்காலை நொண்டினாள். கால் மாறி நொண்டும் முள் எங்கே இருக்கிறது? சனிக்கிழமை எழுந்திருக்கவே இல்லை. மூக்கைத் தொட்டால் சுட்டது. ஈரல் துண்டை வாயருகே வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாசேஜ் திருடி, ரேய்னோ, ஈரலை வேண்டாம் என்கிறாள். பிறகு மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தது. டென்னியும் நானும் போர்வையில் தூக்கி வண்டியில் போட்டோம்.

புதிய கால்நடை மருத்துவர் டாக்டர் சோர்ன் அவளைப் புரட்டிப் பார்த்தார். அக்குளில், விரல் இடுக்கில், வாலடியில், எல்லா இடத்திலும் உண்ணி. ரத்தம் குடித்து உப்பியவை, சாம்பல் நிறத்தில். தட்டில் போடப் போட நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தினமும் தடவிக்கொடுத்த நாய். கொட்டகை இருட்டில் தடவினேன், பார்க்கவில்லை.

"எங்க படுத்திருந்தா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "மான் செத்து உடம்பு குளிர ஆரம்பிச்சதும் உண்ணி இறங்கிடும்மா. பக்கத்துல எது சூடா இருக்கோ அதுல ஏறும். நீங்க அடியில படுக்கை போட்டு வச்சிருக்கீங்க" என்றார். பனிக்கு அவை சாவதில்லையாம். இலைச் சருகுக்குள் ஒளிந்திருந்து, கொஞ்சம் இளகினால் போதும், எழுந்துவிடுமாம். மான் உண்ணிக்கு நவம்பர்தான் நல்ல காலமாம். வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் நாம் பட்டையைக் கழற்றுகிறோம்.

ஊசி போட்டிருக்கிறார். பிழைப்பாளா என்றால், நாளை சொல்கிறேன் என்கிறார். அவளை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் ஓரிடத்தில் உட்காரமுடியவில்லை. வைக்கோலை எரித்தேன். மறுபடி போய்ச் சாம்பலைக் கிளறினேன்.

உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். பட்டையைக் கழற்றிய கை என்னுடையது.

மார்லிஸ்

7 டிசம்பர்
மிச்சிகன் ஏரி

மார்லிஸ்,

தபால் எதுவும் வரவில்லை. உன் மான் கதையை இப்போது கப்பலே சொல்லிக்கொண்டு திரிகிறது. எஞ்சினியர் சொல்லும்போது கொம்பு பன்னிரண்டு கிளை ஆகிவிட்டது.

கேரி துறைமுகத்தில் மக்கராவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன். சிவப்புக் கட்டம் போட்டது. அவள் தூக்கிப் போட்டுவிடுவாள், தெரியும். டுலூத்தில் ஏரிக்கரை நடைக்கு வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. என் முட்டி ஒத்துழைத்தால்.

கறியில் எனக்கு ஒரு துண்டாவது வைத்திருக்கிறாயா?

ரேய்னோ

12 டிசம்பர்
டெட்ராய்ட் ஆறு

மார்லிஸ்,

வாளியில் உன் கடிதம் வந்தது. ஆறு நாள் பழையது. இந்த ஆறு நாளில் என்ன ஆயிற்று?

இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே, கரை தொட்ட இடத்திலெல்லாம் போன் அடித்தேன். எடுக்கவில்லை. கோபமா, மருத்துவமனையில் இருக்கிறாயா, அவளைப் புதைத்துக்கொண்டிருக்கிறாயா, எனக்கு எப்படித் தெரியும்? கேப்டனிடம் போய் இறக்கிவிடச் சொன்னேன். "உனக்குப் பதிலா யாரு சமைப்பா, நானா? நாய்க்காகவா ரேய்னோ?" என்றார். ஆமாம் நாய்க்காகத்தான் என்றேன். அவர் கெட்டவரில்லை. ஆனாலும் இறக்கிவிடவில்லை.

சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். எல்லோரும் அப்படியே குடித்து முடித்துவிட்டுப் போனார்கள். தளத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நொண்டிக்கொண்டே நடக்கிறேன். கப்பல் தெற்கே போகிறது. நான் வடக்கே நடக்கிறேன், கோடி வந்ததும் திரும்ப வேண்டியிருக்கிறது.

நகரத்துப் பயம் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தை எரித்துவிடு. அவள் இருக்கிறாளா? அது மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

ரேய்னோ

13 டிசம்பர்
வீட்டிலிருந்து

ரேய்னோ,

இருக்கிறாள்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் டாக்டரின் மேஜையிலிருந்து அவருடைய சாண்ட்விச்சைத் தின்றுவிட்டாள். அவரே போன் செய்து, "உங்க திருடிய வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். வண்டி ஓட்டும்போது எனக்கு ரோடு தெரியவில்லை, அவ்வளவு அழுகை.

நீ போன் அடித்திருப்பாய், தெரியும். பாதி நேரம் மருத்துவமனையில் இருந்தேன். மீதி நேரம் எடுக்கப் பயம்.

இப்போது ஒரு மாதத்துக்கு மாத்திரை. மஞ்சள் நிறம். ஈரல் சாசேஜில் பொதிந்து கொடுக்கிறேன். ஆனால் முடிந்துவிடவில்லை. காய்ச்சலும் ரத்தமும் இந்த வருடத்து உண்ணியின் வேலை, அது அடங்கிவிட்டது. ரத்தத்தில் இன்னொரு உண்ணி நோயும் இருக்கிறதாம், பழையது, பல வருடமாகவே இருந்திருக்கலாமாம். அது மெல்லச் சிறுநீரகத்தைப் பிடிக்கும், லாப்ரடார் நாய்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்றார். பிடித்துவிட்டால் மருந்து இல்லை. ஜனவரியில் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். "அதுக்கு முன்னாடியே தண்ணிக் கிண்ணத்தைப் பாத்துக்கிட்டு இருங்க. நிறுத்தாம குடிக்க ஆரம்பிச்சான்னா எனக்குச் சொல்லுங்க" என்றார். அவள் கிண்ணத்துப் பக்கம் போனாலே எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.

பிறகு அவர் கேட்டார், நாயோடு படுக்கையில் யார் படுப்பது என்று. எட்டு வருடம் எங்கள் நடுவில்தான் படுத்தாள் என்றேன். அதில் யாருக்காவது மூட்டு வீங்குமா என்றார். ஏணி ஏறி இறங்கும் வேலை, அதனால் வீங்குகிறது என்று நீ சொல்வதைச் சொன்னேன். "ஒரு முட்டி மட்டும், வந்து வந்து போகுமா?" என்றார். ஆமாம் என்றேன். "அவர அனுப்புங்க. என்கிட்ட இல்ல, மனுஷ டாக்டர்கிட்ட."

முட்டியைக் காட்டு, ரேய்னோ. நீ சவுனாவுக்கு வருவதை நிறுத்தியது நான்கு வருடம் முன்பு. அந்தப் பலகைப் படி ஏற முட்டி விடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு உன் முதுகை யாரும் பார்க்கவில்லை.

மார்லிஸ்

21 டிசம்பர்
கேரி துறைமுகம்

மார்லிஸ்,

"இருக்கிறாள்." அதைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். எஞ்சினியரிடம் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார், கிறுக்கன்.

காட்டினேன். சின்னப் பையன் மாதிரி ஒரு டாக்டர், முட்டியில் ஊசியை விட்டு நீரை உறிஞ்சினான். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தமும் எடுத்தான். முடிவு வந்தது. எனக்கும் அவளுடைய அதே பழைய உண்ணி நோய்தான், மார்லிஸ். மாத்திரை கொடுத்தான், ஒரு மாதத்துக்கு. பெயரைப் படித்துப் பார்த்தேன். நீ எழுதிய அதே மஞ்சள் மாத்திரை. அவளுக்காவது ஈரல் சாசேஜில் கிடைக்கிறது, எனக்கு வெறும் தண்ணீரில்.

முட்டி இறங்குகிறது. முட்டி இறங்க இறங்க எனக்குக் கோபம் ஏறுகிறது. எனக்கு மருந்து இருக்கிறது, அவளுக்கு இருக்குமோ இருக்காதோ. வருடா வருடம் பட்டையைக் கழற்றி அந்த வைக்கோலில் படுக்கவைத்து, காவல் என்று பெருமை பேசினோமே.

எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள்? ஒவ்வொரு கடிதத்திலும் எழுது.

பலகைப் படி விஷயம். நான் சொல்லியிருந்தால் நீ தூக்கி உட்காரவைத்திருப்பாய். அதுதான் பயம்.

ரேய்னோ

4 ஜனவரி 1999
வீட்டிலிருந்து

ரேய்னோ,

பனி ஜன்னல் விளிம்புவரை. பட்டை அவள் கழுத்தில்தான் இருக்கிறது. டென்னி பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும்.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாய். எனக்கே தெரியவில்லை. நேற்றுக் கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. நான் பார்த்துக்கொண்டே இருப்பதால் அதிகமாகத் தெரிகிறதோ என்னவோ. கிண்ணத்தை நிரப்புகிறேன், ஐந்து நிமிடத்தில் மறுபடி போய்ப் பார்க்கிறேன். இப்படியே பொழுது போகிறது. முந்தாநாள் நீ அவளுக்கு அனுப்பிய சிவப்புச் சட்டை வந்தது. போட்டுவிட்டேன். தூக்கிப் போடவில்லை, அப்படியே நின்றாள். தூக்கிப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சோதனை முடிவு வியாழன் 14ஆம் தேதி வருகிறது. அதைக் கடிதத்தில் எழுதி, அது வாளிக்கு வந்து, நீ படித்து, உன் பதில் எனக்கு வரும்வரை என்னால் முடியாது. அன்று மாலை போன் அடி. எடுக்கிறேன். கத்தாதே. எனக்குப் பேச வராமல் போனால், நீ பேசு.

மார்லிஸ்

14 ஜனவரி
சூ கால்வாய்

மார்லிஸ்,

போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். கரையிலிருந்தே தபாலில் போடுகிறேன், எனக்கு முன்னால் வந்துவிடும்.

எடுத்தாய். ஹலோ சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் என்னென்னவோ உளறினேன். முட்டி நன்றாக மடங்குகிறது என்றேன், எஞ்சினியரின் பெண் கல்யாணம் என்றேன். அப்புறம் நீ ரிசீவரைத் தரைப் பக்கம் பிடித்தாய் போல. முதலில் வால் பலகையில் அடிக்கும் சத்தம், என் குரலுக்கு. பிறகு அவள் தண்ணீர் நக்கும் சத்தம். நக்கினாள், நக்கிக்கொண்டே இருந்தாள். நான் காத்திருந்தேன். நிற்கவில்லை.

"எவ்வளவு நாள்?" என்று கேட்டேன். "வசந்தம் வரைக்கும் இருக்கலாம்னு சொல்றார். இல்லாமலும் போகலாம்" என்றாய். இந்த முறை நீ வைக்கவில்லை. என் காசு தீர்ந்து லைன்தான் போயிற்று.

திங்கட்கிழமை கரை ஒதுங்குகிறோம். செவ்வாய் வருகிறேன். அவளைக் கூட்டிப்போக வரவில்லை. டுலூத் கிழவரிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொட்டகையில் படுக்கச் சொன்னாலும் படுப்பேன், அவளோடு. கிண்ணம் நிரப்ப இரண்டு பேர் வேண்டும், ஒருத்தர் தூங்கவாவது செய்யலாம்.

சவுனாவை மூட்டி வை. மூன்று பேர் உடம்பிலும் உண்ணி இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். பலகைப் படியில் கை கொடு, ஏறிவிடுவேன்.

பட்டை அப்படியே இருக்கட்டும்.

ரேய்னோ